அமாவாசைச் சோறும் தெங்காவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் புதிய நகரான தெங்காவுக்குக் குடிவந்து ஓராண்டாகிறது. “ஏன் இப்படி உலு (ஒதுக்குப்புற) இடத்துக்குப் போனீங்க?” என்று லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பார்ப்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள். முருங்கைக்காய் வாங்க சுவா சூ காங் வரை பேருந்தில் போய்வரும் நாள்களில் எனக்கும் அந்தச் சந்தேகம் வருவதுண்டு. எம்ஆர்டி தூண்களைச் சன்னலிலிருந்து பார்க்க முடிகிறது, ரயிலைத்தான் காணோம்!

700 ஹெக்டரில் 42,000 வீடுகள் கொண்ட ‘வனநகர்’ என்று 2016ல் அறிவித்தார்கள். இருந்த காட்டை வெட்டிவிட்டு வனம் என்கிறோமே என்ற உறுத்தல் ஒருபக்கம். நடுவே 100 மீட்டர் அகலம், 5 கிலோமீட்டர் நீளத்துக்கு விலங்குகள் போய்வரக் காட்டுப்பாதை ஒதுக்கியிருப்பது ஆறுதல். ஐந்தரை மணிக்கே குயில் எழுப்பிவிடுகிறது. புளோக்கின் கீழே காட்டுக்கோழி, குஞ்சுகளோடு புல்லைக் கிளறுகிறது.

எழுத வந்தது வேறு விஷயம். போன அமாவாசையன்று அம்மா காக்கைக்கு வைத்த சோற்றை, தாளில் சுற்றிக் கீழே புல்வெளி ஓரம் வைத்துவிட்டார். மறுநாள் தாள் கிழிந்து கிடந்தது. மண்ணில் பன்றி கிளறிய தடம். வனவிலங்குக்கு உணவு போட்டால் முதல்முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். சட்டம் 2020லிருந்தே நடப்பில் இருக்கிறது, காக்கைக்கும் விலக்கில்லை என்று சொன்னால் அம்மா நம்ப மறுக்கிறார்.

அமாவாசைப் படையலை என்ன செய்வது என்று விவரம் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் பக்கத்தில் எழுதினால், அம்மாவிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
தெங்கா வாசகி