ஸ்கேன் ஊசியில் என்ன மருந்து? ரிப்போர்ட்டில் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரிய மண் உலோகங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. குமரிக் கடற்கரை மணல், சீனாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு, மின்சாரக் காருக்கான காந்தம் என்று எல்லாவற்றையும் படிக்கிறேன். அதே குடும்பத்து உலோகம் ஒன்றை நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் தினமும் நரம்பில் ஏற்றுகிறார்கள். அதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. காடோலினியம் என்று பெயர். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது 'கான்ட்ராஸ்ட்' போடுகிறார்களே, அதுதான். (சி.டி. ஸ்கேனில் போடுவது அயோடின் மருந்து. அது வேறு, இது வேறு.)

நான் அரசு மருத்துவமனையில் ரேடியோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஊசியே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1988 முதல் புழக்கத்தில் இருக்கும் மருந்து. மூளைக் கட்டியின் எல்லையைக் காட்டுவதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வெறும் காடோலினியம் விஷம். உடம்பில் கால்சியம் வேலை செய்யும் இடங்களில் புகுந்து கெடுத்துவிடும். அதனால் அதை இன்னொரு வேதிப்பொருளோடு இறுகக் கட்டித்தான் மருந்தாக்குகிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரோடு போய்விடும். சிறுநீரகம் பழுதானவருக்கு நாள்கணக்கில் உள்ளேயே சுற்றும். சுற்றச் சுற்ற அந்தக் கட்டு அவிழும்.

1997-இல் அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகள் சிலருக்குத் தோல் தடித்து மரக்கட்டை போல இறுக ஆரம்பித்தது. முழங்கால் மடங்கவில்லை, விரல் நீளவில்லை. சக்கர நாற்காலிக்குப் போனவர்களும் உண்டு. காரணம் பிடிபட 2006 ஆகிவிட்டது. நோய் வந்தவர்கள் எம்.ஆர்.ஐ.யில் இந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்பதை ஆஸ்திரியா, டென்மார்க் மருத்துவர்கள்தான் கவனித்துச் சொன்னார்கள். மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் லேபிளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. இந்த நோயை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்றும் கிடையாது.

எல்லா காடோலினிய மருந்தும் ஒன்றல்ல என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். சிலவற்றில் உலோகத்தைச் சங்கிலி போலச் சுற்றியிருப்பார்கள். அது எளிதில் கழன்றுகொள்ளும். காடோடையமைடு, காடோபென்டடேட் இந்த வகை. காடோடெரேட், காடோபியூட்ரால் போன்றவற்றில் உலோகம் வளையத்துக்குள் அடைபட்டிருக்கும். சிறுநீரக நோயாளிகளுக்குக்கூட இவற்றால் ஆபத்து மிகமிகக் குறைவு. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களின் மூளையிலும் இந்த உலோகம் கொஞ்சம் தங்குகிறது என்று 2014-இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். அதனால் கெடுதல் என்று நிரூபணமாகவில்லை. இருந்தும் ஐரோப்பா 2017-இல், நான் முதலில் சொன்ன இரண்டையும் நரம்பில் போடுவதை நிறுத்திவைத்தது.

சமீபத்தில் என் அத்தானை முதுகுவலிக்காக ஒரு தனியார் சென்டருக்குக் கூட்டிப்போனேன். பல வருஷமாகச் சுகர் உள்ளவர். நாலு பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டி, கடைசிப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். மருந்து ஏற்றுவதற்காகக் கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டும் வரை, கிரியேட்டினின் (ரத்தத்தில் இது கூடினால் சிறுநீரகம் சரியில்லை என்று அர்த்தம்) எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. "என்ன மருந்து தம்பி?" என்றேன். "சும்மா கலர் மருந்துதான் சார், எல்லாருக்கும் போடுறதுதான்" என்றார் அந்தப் பையன். பையிலிருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்டினேன்: கிரியேட்டினின் 3.1. உள்ளே போனவர் டாக்டரோடு வந்தார். மருந்து ஏற்றாமலே படம் எடுத்தார்கள்; அதிலேயே முதுகெலும்புத் தட்டு விலகியிருப்பது தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பையனைக் குற்றம் சொல்லமாட்டேன். வெளியே கூட்டம், ஒருவரை முடித்து அடுத்தவரை ஏற்றச் சொல்லி மேலிருந்து நெருக்கடி.

மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சமீபத்திய கிரியேட்டினின் பார்க்காமல் ஊசி வேண்டாம். போட்ட மருந்தின் பெயரையும் எத்தனை மில்லி என்பதையும் ரிப்போர்ட்டிலேயே அச்சிடட்டும். இப்போது பல ரிப்போர்ட்டுகளில் 'கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது' என்ற ஒரு வரிதான் இருக்கிறது. நாளை வேறு ஊர் டாக்டர் பார்த்தால் அதை வைத்து என்ன செய்வார்?

வாசகர்களுக்கும் ஒன்று. பயந்துகொண்டு ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ ஊசிக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஸ்கேன் முடிந்த கையோடு டயாலிசிஸ் வருகிற மாதிரி நாள் வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் மருந்தின் பெயர் இல்லையென்றால், குப்பியின் லேபிளை போனில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரேடியோகிராபர்,
பாளையங்கோட்டை.