22 நாள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ, மருமகள், பாப்பா மூன்று பேரும் நலம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம், நீ சொல்லித் தெரிந்ததில்லை. மருமகளிடம் இரண்டு முறை பேசினேன், இரண்டு முறையும் "அவருக்கு வேலை அதிகம் மாமா" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இங்கே சேதி என்று பார்த்தால், கிணற்று மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுத்திருக்கிறோம். உன் அக்கா போன ஞாயிற்றுக்கிழமை வந்து போனாள். மாமரம் இந்த வருடம் சரியாகப் பூக்கவில்லை. இன்று காலை ஏழரை மணிக்கு வழக்கம்போல ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து சேத்தக் ஹெலிகாப்டர் கிளம்பி நம் வீட்டுக்கு மேலே போனது. அம்மா இன்னமும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறாள், நீ அங்கே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து முடித்துப் போய் எத்தனை வருடம் ஆகிவிட்டது.

முதுகு எப்படி இருக்கிறது? போன தீபாவளிக்கு வந்தபோது காரிலிருந்து இறங்க நீ பட்ட பாட்டைப் பார்த்தேன். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களுக்கு வருகிற வலிதான், இடது கையைக் கீழே வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி மணிக்கணக்கில் அந்த அதிர்விலேயே உட்கார்ந்திருந்தால் எலும்பு என்ன செய்யும். காலையில் நடக்கிறாயா? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா? செய்யவேண்டும். பெல்ட்டை மட்டும் நம்பாதே.

உன் கோர்ஸ்மேட் ஒருவனுடைய பெரியப்பா என்னோடு கோவாவில் இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். அவர் போன் செய்தார். நல்ல மனிதர், அந்தப் பையன் பெயர் கேப்டன் பட்டியலில் வந்த சந்தோஷத்தில் போன் செய்தார், கடைசியில்தான் உன்னைப் பற்றிக் கேட்டார். நான் "நன்றாக இருக்கிறான்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பட்டியல் வந்து இன்றோடு 22 நாள். உன்னிடமிருந்து போன் வந்தும் 22 நாள்.

சரி. நான் எதையும் கேட்கப்போவதில்லை. உனக்குத் தெரியாதது எதுவும் எனக்குத் தெரியாது. கமாண்டர் வரைக்கும் வருடக்கணக்கு, 13 வருடம் ஒழுங்காக முடித்தால் மூன்று பட்டை தோளில் ஏறிவிடும். நாலாவது பட்டை, கேப்டன் பதவிதான் ஆள் பார்த்து எடுப்பது. மேலே போகப்போக இடம் குறைவு, உச்சியில் ஒரே ஒரு நாற்காலி. இதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதையெல்லாம் வெறும் விவரமாக உன் தலைக்குள் போட்டவன் நான்தான்.

உனக்கு எட்டு வயதிருக்கும்போதே தஹிலியானி கதை சொன்னேன். 1961 மே மாதம் சீஹாக் விமானத்தை விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறக்கிய முதல் இந்திய பைலட், அப்போது லெப்டினன்ட், பிறகு அதே கப்பலுக்குக் கேப்டன், 1984-ல் கடற்படைத் தலைமைத் தளபதி. கம்பியில் கொக்கி மாட்டி விமானம் நிற்பது எப்படி என்று கொடிக்கயிற்றையும் உன் பொம்மைக் காரையும் வைத்துக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் அருண் பிரகாஷ். 1983 டிசம்பரில் முதல் சீஹாரியர் போர் விமானங்கள் மூன்றும் கோவாவில் டபோலிம் ஓடுதளத்தில் வந்து இறங்கியபோது நான் அங்கே சக்கரத்துக்கு அடியில் வைக்கிற கட்டையோடு நின்றேன், அந்தக் கூட்டத்தை நடத்தி வந்தவர் அவர். 2004-ல் அவர் தலைமைத் தளபதி ஆனபோது நீ அகாடமியில் இருந்தாய். அன்றிரவு நான் உனக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை, தூக்கத்தில் இருந்திருப்பாய்.

2019-ல் கரம்பீர் சிங் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹெலிகாப்டர் ஓட்டிய ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சேத்தக்கும் காமோவும் ஓட்டியவர், நீ ஓட்டிய அதே சேத்தக். வழி திறந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அவர் கடலில் என்னென்ன செய்தார் என்பதை நான் உரக்கச் சொல்லவில்லை. கோஸ்ட் கார்டு கப்பல், விஜயதுர்க், ராணா, டெல்லி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்களை நடத்தியவர். இறக்கை மட்டும் போதாது, கடலிலும் கணக்கு வேண்டும். பறக்கிறவனுக்கு இதுதான் சங்கடம், பறந்தால் கடல் நாள் குறையும், கடலுக்குப் போனால் பறக்கிற மணி குறையும், இரண்டையும் ஒரே வயதுக்குள் முடிக்கவேண்டும். இது எனக்குத் தெரியும். 2016-லேயே தெரியும்.

முதுகைப் பார்த்துக்கொள். சாப்பிட்டவுடன் படுக்காதே.

கிருஷ்ணனைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். நாகர்கோவில்காரர், 1971-ல் கிழக்குக் கடற்படையின் தளபதி, விக்ராந்தை வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுபோய் டிசம்பர் 4-ம் தேதி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் அடிக்கவைத்தவர். போர் முடிந்து நாடே கொண்டாடியது. அவர் வைஸ் அட்மிரலாகவே ஓய்வு பெற்றார், தலைமைத் தளபதி ஆகவில்லை. அதனால் அவர் குறைந்துபோனாரா? நான் சேர்ந்த காலத்தில் விக்ராந்த் மெஸ்ஸில் மூத்த செய்லர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரலே மாறும். இதை எழுதி உன்னைத் தேற்றலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. தூக்கம் வராமல் படுத்திருக்கிறவனுக்கு அட்மிரல் கதை எதற்கு.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும், நீ செய்தது சரியில்லை. எனக்குச் சொல்லாவிட்டால் போகிறது, அம்மாவிடம் பேசாமல் இருக்கக்கூடாது. அவளுக்கு பட்டையும் தெரியாது பதவியும் தெரியாது. பையன் குரல் வேண்டும், அவ்வளவுதான். தினமும் சார்ஜரிலிருந்து போனை எடுத்துப் பார்த்து மறுபடி மாட்டுகிறாள். புயலில் தத்தளித்த மீனவர்களை நீ ஒவ்வொருவராக மேலே தூக்கினாயே, அன்று ராத்திரி கரைக்கு வந்தவுடன் முதலில் அவளுக்குத்தான் பேசினாய். அந்தப் போட்டோ இன்னும் நம் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டுகிறேன். ஏழு பேர் என்று சொல்லும்போது எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். என் பையன் ஏழு வீட்டில் விளக்கை அணையவிடாதவன். எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது, இல்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் பேசாமல் இருப்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத வந்தேன், மோட்டாரும் மாமரமும் சொல்லிச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

1986-ல் நீ ஒன்றரை வயதுக் குழந்தை. ஊரில் அம்மாவோடு இருந்தாய், நான் கோவாவில். செய்லராகச் சேர்ந்தவர்கள் ஆபீசர் ஆவதற்கு ஒரு வழி உண்டு, எழுத்துத் தேர்வு, அப்புறம் ஆள் எடுக்கிற போர்டு. நான் ஆபீசர் ஆகாதது ஏன் என்று உங்களுக்கு ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறேன். உன் அக்கா கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னேன். "வாய்ப்பு வந்தது, போயிருந்தால் குடும்பத்தை விட்டு இன்னும் பத்து வருடம் ஊர் ஊராக அலைந்திருக்கவேண்டும், பிள்ளைகளுக்காக வேண்டாம் என்று விட்டேன்" என்று.

நான் விடவில்லை, தம்பி. எழுதினேன், தேறினேன், போர்டுக்குப் போனேன். நாலு நாள் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு கயிறு ஏறினேன், குழுவில் பேசினேன், கடைசி நாள் எல்லோரையும் உட்காரவைத்து எடுத்தவர்களின் நம்பரை வாசித்தார்கள். என் நம்பரை வாசிக்கவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை, என் ஆங்கிலம் தடுமாறியது, குழுவில் நான் யாரையும் பேசவிடாமல் கத்தினேன், எனக்கே தெரிந்தது. ரயிலில் திரும்பி வரும்போது, தேர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுவது என முடிவு செய்தேன். பொய்யை எழுதக்கூடக் கை வரவில்லை. நாலு மாதம் ஒரு இன்லேண்ட் லெட்டர்கூடப் போடவில்லை. அம்மா உனக்குப் பல் முளைத்தது, நீ நடந்தது, காய்ச்சல் வந்தது எல்லாம் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தாள். உனக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்த கடிதத்தையும் வாங்கிப் படித்துவிட்டுப் பெட்டியில் வைத்தேன். லீவு கேட்கவில்லை. தோற்ற முகத்தோடு ஊருக்குப் போகக் கூசியது. உன் தாத்தாதான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

இதை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. கப்பல் கடலில் இருந்தது என்று சொன்னேன், நம்பினாள்.

அந்தப் பொய் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நீ பத்தாவது படிக்கும்போது இன்ஜினியரிங் படிக்கிறேன் என்றாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "உங்களுக்காக நான் ஆபீசர் ஆகாமல் இருந்தேன், நீயாவது ஆகமாட்டாயா" என்று கேட்டேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சரி என்றாய். 2009-ல் ராஜாளியில் உனக்குப் பைலட் இறக்கை குத்தியபோது, 1992-ல் அந்தத் தளத்தைக் குடியரசுத் தலைவர் வெங்கட்ராமன் தொடங்கிவைத்த அன்று நான் அணிவகுப்பில் நின்ற இடத்தைத் தேடிப்போய் நின்று பார்த்தேன். என் கடன் தீர்ந்த மாதிரி இருந்தது. அது உன் கடனே இல்லை, நான் உன்மேல் எழுதிவைத்தது.

2016-ல் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். உனக்குக் கப்பலில் போஸ்டிங் வரவிருந்தது. நீ சொன்னாய், "இப்போது கடலுக்குப் போகாவிட்டால் பின்னால் கஷ்டம் அப்பா" என்று. நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்கமாட்டாய். அதே கதையைத்தான் சொன்னேன். "நான் உனக்காக எவ்வளவு விட்டேன், நீ எனக்காக இதைக்கூட விடமாட்டாயா." நீ கேட்டு வாங்கி ராஜாளிக்கு இன்ஸ்ட்ரக்டராக வந்தாய். இரண்டரை வருடம். அம்மா பிழைத்து எழுந்தாள், நீ தினமும் சாயங்காலம் வந்தாய், அந்த நாட்கள் எங்களுக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லி முடியாது. உன் அக்கா பக்கத்தில்தான் இருந்தாள், அவளே பார்த்திருப்பாள். எனக்குப் பயம், அதனால் உன்னையும் கூப்பிட்டேன். அந்த இரண்டரை வருடம் நீ கடலில் இருந்திருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது, போர்டு எதைப் பார்த்தது என்று உனக்கும் எனக்கும் தெரியாது. ஆனால் 22 நாளாக எனக்கு அந்தக் கணக்கு மட்டும்தான் ஓடுகிறது.

பார், எழுதக்கூடாது என்றிருந்த உன் போர்டைப் பற்றி எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு தடவை உன் பெயரைப் பார்ப்பார்கள் என்பதும் தெரியும், வராவிட்டாலும் 26 வருடத்தில் டைம் ஸ்கேலில், அதாவது வருடக்கணக்கிலேயே, நாலு பட்டை வரும் என்பதும் தெரியும். அதற்காக நீ இருக்கவேண்டும் என்றோ, வெளியே வந்து விமானக் கம்பெனிக்குப் போகவேண்டும் என்றோ நான் சொல்லமாட்டேன். உன் விஷயத்தில் நான் சொன்னதெல்லாம் போதும். மருமகளோடு பேசி முடிவெடு. அவளிடம் மறைக்காதே. பாப்பாவின் பரீட்சை முடிகிறவரை எதையும் அவசரமாகச் செய்யாதே. பார், மறுபடி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்தவுடன் 1986-ஐப் பற்றி அவளிடம் சொல்லப்போகிறேன். அந்த ஒன்பது நாளையும் சேர்த்து. அவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை, கை நடுங்குகிறது. நாளைக்குக் காலை ஆறு மணிக்கு எழுந்துவிடுவாள், நீ டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிடு. என்னிடம் பேசவேண்டாம். அவளிடம் பேசு. நான் சொல்லிவிட்டேனா, அவள் என்ன சொன்னாள் என்று கேள், அவளே சொல்லட்டும்.

முதுகுக்கு ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடு. மருமகளைக் கொடுக்கச் சொல்.

அப்பா
அரக்கோணம்