எர்த் பட்டை

கோரிமேடு, சேலம்
மார்கழி

அன்புள்ள செல்வா,

நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. ஆனாலும் விடியற்காலையில் கோயிலுக்கு நடந்துதான் போவேன் என்று அடம். உன் சின்னவள் பத்தாவது படிக்கிறாளாமே, சித்தி சொன்னாள். நம்பவே முடியவில்லை.

போனில் சொன்னால் நீ பாதியிலேயே "பேட்டரியைப் பாருடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். உன் அகராதியில் மனுசனுக்குக் காய்ச்சல் வந்தாலும் பேட்டரிதான் காரணம். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசி வரை படி.

ஏற்காட்டில் இப்போது காபி பறிப்பு. அடிவாரத்திலிருந்து வேலைக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு தம்பி சாயங்காலம் நம் வேனில் இறங்கிக்கொண்டிருந்தான். பாதிக்கு மேல் வளைவுகளைத் தாண்டியாயிற்று. அடுத்த கொண்டை ஊசிக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறான். செகண்ட் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. மறுபடி போட்டால் பல் கடிக்கிறது, விழவில்லை. என்ஜின் பிடிப்பு போனதும் வண்டி வேகம் எடுக்க ஆரம்பித்துவிட்டது. பிரேக்கை மட்டுமே நம்பி மலை இறங்கினால் டிரம் சூடாகி எப்படி நாறும், அழுத்த அழுத்த எப்படிப் பிடிக்காமல் போகும் என்பது உனக்கே தெரியும். நல்லவேளை, பையன் பதறவில்லை. ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்து, மலை பக்கத்து ஓடையில் சக்கரத்தை விட்டு நிறுத்திவிட்டான். உனக்கு ஊறுகாய் கொடுத்தனுப்புவாளே அந்த அக்கா, அவள்தான் முன் சீட்டில் இருந்தாள். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அந்தப் பக்கம் தடுப்புச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நினைத்தால் இன்னமும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இது திடீரென்று வந்ததில்லை. ஐப்பசியில் சேலத்தில் ஒரு பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட் மாற்றினார்கள். அதிலிருந்துதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. காலையில் ஹீட்டர் பிளக் சூடாகி விளக்கு அணைந்து, சாவியைத் திருப்பினால் என்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் முனகும், என்ஜின் அரைச் சுற்று சுற்றி நிற்கும். மாமாவைப் பற்றித்தான் தெரியுமே, யார் எதைச் சொன்னாலும் மாற்றிவிடுவார். பேட்டரி புதிது போட்டார். அதே முனகல். செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள். அதே முனகல். ஆல்டர்னேட்டரைக் கழற்றலாம் என்று பேச்சு வந்தபோதுதான் நான் வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

எனக்கு இரண்டு விஷயம் இடித்தது. ஒன்று, ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. ரேடியேட்டர் தண்ணீருக்கும் ஹெட்லைட்டுக்கும் என்ன சம்பந்தம்? இன்னொன்று, தம்பி சொன்னது: ஆக்ஸிலேட்டர் மிதி வரவர இறுகுகிறதாம், ஸ்டார்ட் பண்ணும்போது ரப்பர் கருகுகிற வாசனை வருகிறதாம். சீட்டுக்கு நடுவில் இருக்கும் என்ஜின் மூடியைத் தூக்கிவிட்டு அவனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அடித்து முடித்ததும் ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டேன். கை பொத்துவிடும் போல இருந்தது. மேல் உறை ஓரிடத்தில் உருகி உள்ளே ஸ்பிரிங் சுற்று தெரிகிறது.

கேபிள் ஏன் சுட வேண்டும்? யோசித்துப் பார். என்ஜினும் கியர் பாக்ஸும் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் கரண்டை விடாது. டீசல் என்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அவ்வளவும் என்ஜின் பாடியிலிருந்து சேசிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, திரும்பி வர ஒரே பெரிய வழி எர்த் பட்டை என்கிற அந்தப் பின்னல் செம்புப் பட்டைதான். முன்வாசலை அடைத்துவிட்டால் வீட்டு ஆட்கள் கொல்லைப்புறமாகப் போய் வருவது போல, பட்டை இல்லையென்றால் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் போகிறது.

ஆனால் ஊகத்தை வைத்து ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று மீட்டரை எடுத்தேன். பேட்டரி சும்மா இருக்கையில் 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போதும் பதினொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. இதைக் கவனி மாப்ளே. பேட்டரி செத்திருந்தால் வோல்டேஜ் சரிந்து விழுந்திருக்கும். இங்கே பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வாங்கிக்கொள்ள வழியில்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை என்ஜின் பிளாக்கிலும் வைத்துவிட்டு அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது மூன்றைத் தாண்டிப் போகிறது! ஜம்பர் கேபிளை நெகட்டிவிலிருந்து நேராக என்ஜினில் மாட்டி மறுபடி அடித்தால், எடுத்த எடுப்பில் ஸ்டார்ட். தம்பி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கீழே படுத்துப் பார்த்தேன். பட்டையின் ஒரு முனை சேசிஸில் இருக்கிறது. மறு முனை கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் பக்கத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. கியர் பாக்ஸை ஏற்றியவர்கள் அந்த போல்ட்டைப் போடவே இல்லை. துருவையும் பெயிண்டையும் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கினேன். கேபிளையும் புதிதாக மாற்றிவிட்டேன். செல்ஃப் சரி. டெம்பரேச்சர் முள்ளும் சரி. ஆல்டர்னேட்டர் கொடுக்கிற கரண்டுக்கும் அதே பட்டைதானே திரும்புகிற வழி. விளக்கு போட்டு சுமை கூடினால் என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் கூடும், என்ஜினில் எர்த் ஆகிற சென்சார் அதையும் சேர்த்துச் சூடு என்று காட்டும்.

ஒரு போல்ட், செல்வா. அதற்கு மாமா கொட்டிக் கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது. ஒரு வேனை வைத்துப் பிழைக்கிறவனிடம் பேட்டரியை மாற்று, செல்ஃபை மாற்று என்கிறவர்கள், "கடைசியாக இந்த வண்டியில் யார் கை வைத்தது, எதைக் கழற்றினார்கள்?" என்று கேட்டிருந்தால் போதும். ஐ.டி.ஐ.யில் நம் வாத்தியார் இதைக் கேட்காமல் போல்ட்டைத் தொட்டவன் விரல் முட்டியில் ஸ்கேலால் போடுவாரே. உனக்குத்தான் அதிகம் விழும்.

இப்போது கியர். எர்த்துக்காகக் கீழே படுத்தபோது பின்னால் இருக்கும் கியர் பாக்ஸ் மவுண்டிங்கையும் பார்த்தேன். ஆயில் குடித்து ஊறி, நடுவில் பிளந்து கிடக்கிறது. பட்டறையில் கியர் பாக்ஸைத் திறந்து சிங்க்ரோ, ஷாஃப்ட் எல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். திறப்பதற்கு முன்னால் சமதரையில் ஓட்டிப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரைக் கொடுத்துக் காலை எடுத்தால் கியர் லீவரும் கூடவே முன்னும் பின்னும் ஆடுகிறது. இதுதான் அடையாளம். லீவர் அசையாமல் இருந்து திடீரென்று துள்ளினால் குறை பெட்டிக்குள்ளே. லீவரும் சேர்ந்து ஆடினால் பெட்டியே இடம் விட்டு நகர்கிறது, லீவரையும் பெட்டியையும் இணைக்கிற நீளமான ராடு கியரை வெளியே இழுக்கிறது. மலை இறக்கத்தில் காலை எடுத்ததும் என்ஜின் எதிர்ப்பக்கம் சாயும், அப்போதுதான் கழன்றிருக்கிறது. உள்ளே பல் தேய்ந்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரப்பர் புதிது போட்டு, ராடு புஷ்ஷையும் மாற்றி, காலி வண்டியில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகும் கழன்றால் பெட்டியைத் திறப்பேன்.

உன் மாமனார் வேன் பற்றிக் கேட்டிருந்தாயே. நியூட்ரலில் இரைச்சல் வந்து கிளட்ச் மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் இரைச்சல் என்றால் ரிலீஸ் பேரிங். அவ்வளவுதான். தயவுசெய்து அதற்கும் பேட்டரி மாற்றாதே.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். இங்கே கடைகளில் கிடைக்கிற மவுண்டிங் கையால் அழுத்தினாலே நசுங்குகிறது. அதைப் போட நான் சம்மதிக்கவில்லை. பழைய ரப்பரை இந்தக் கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போய், போல்ட் ஓட்டை இடைவெளியும் உயரமும் ஒத்துப்போகிறதா என்று வைத்துப் பார்த்து, கெட்டி ரப்பராக வாங்கி ராத்திரி பஸ்ஸில் போட்டுவிடு. இரண்டாக வாங்கு. பணம் உடனே அனுப்புகிறேன். அது வரும்வரை வேன் மலை ஏறாது. பறிப்பு ஆட்களுக்கு மாமா வாடகை ஜீப் பேசியிருக்கிறார், நாள் வாடகை போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று தள்ளிப்போடாதே.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமார்