கேதார்காந்தாவுக்குக் கிளம்பும் நண்பனுக்கு

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியடைந்தேன். இங்கே அனைவரும் நலம்.

ஜனவரியில் மகனோடு உத்தராகண்டின் கேதார்காந்தா பனிச்சிகரத்தில் ஏறப் போவதாக எழுதியிருந்தாய். அந்தப் பனியில் தங்கியவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன். சாங்க்ரி கிராமத்திலிருந்து புறப்பட்டு, ஜூடா கா தாலாப் குளத்தருகே கூடாரம் அடிக்கும்போதே உயரம் 9,000 அடியை எட்டிவிடும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போய்விடும். ஆனாலும் உங்கள் இருவருக்காகவும் நான் அஞ்சுவது குளிரைக் கண்டு அல்ல, ஈரத்தைக் கண்டுதான். நனைந்த துணி உடம்பின் சூட்டை விரைவாக உறிஞ்சிவிடும். அந்த ஈரமோ பனியிலிருந்து வருவதைவிட நம் வியர்வையிலிருந்தே அதிகம் வருகிறது. ஆகவே ஏற்றத்தில் இலேசாகக் குளிரும் அளவுக்கு மேலுடையைக் கழற்றிவிட்டு நடங்கள். நின்றவுடன் மறக்காமல் அணிந்துகொள்ளுங்கள். பருத்தி பனியனும் ஜீன்ஸும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எளிதில் உலராதவை, அவை வேண்டவே வேண்டாம். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைத் தரும். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி தெர்மல் உள்ளாடையையும் காலுறையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வை. பகலில் அவற்றைத் தொடாதே.

காற்றுக்கு அஞ்சிக் கூடாரத்தின் காற்றுவழிகளை மூடிவிடுபவர்கள் பலர். அப்படிச் செய்தால் நம் மூச்சின் ஈரம் உட்புறத் துணியில் படிந்து உறைந்து, விடியும்போது ஸ்லீப்பிங் பேக்கின் மேலேயே உதிரும். இறகு அடைத்த பை நனைந்தால் உப்பலை இழந்து குளிரைத் தடுக்காது. எனவே முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சுவிடவும் கூடாது. மேலே எத்தனை போர்த்தினாலும், அடியில் நல்ல ஃபோம் விரிப்பு இல்லாவிட்டால் தரை சூட்டை இழுத்துக்கொள்ளும். வெந்நீர்ப் புட்டியை இறுக மூடி, காலடியில் வைத்துக்கொண்டால் வெகுநேரம் இதமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு: எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ பற்ற வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

என்னிடம் புதிய கம்பளிக் காலுறைகள் இருக்கின்றன. அவனுடைய கால் அளவை எழுது, இந்த வாரமே கூரியரில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரவி