‘குறைந்த ஆபத்து’ யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரவு மையங்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் மின்சாரம், தண்ணீர், வேலைவாய்ப்பு எல்லாம் விரிவாக வந்திருந்தன. பாதுகாப்பு மட்டும் கேமரா, கைரேகைக் கதவு, ஃபயர்வால் என்பதோடு முடிந்துபோனது. சர்வர் பெட்டியின் உள்ளே நடப்பதைப் பற்றி ஒரு பத்தியாவது இருந்திருக்கலாம்.

சர்வரின் பிராசஸரோடு ஜி.பி.யூ. என்னும் கணக்கீட்டுச் சிப், நெட்வொர்க் கார்டு, எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் ஆகியவற்றை இணைப்பது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் தடம். அதன் 5-ஆம் தலைமுறையில், 16 லேன் (தரவு ஓடும் பாதை) கொண்ட ஸ்லாட் ஒன்றில் ஒரு திசையில் மட்டும் நொடிக்குச் சுமார் 63 ஜிகாபைட் ஓடும். நெடுங்காலம் அந்தத் தரவு எந்த மறைப்பும் இல்லாமல்தான் போய்வந்தது. பெட்டிக்குள் இருப்பவர்கள் எல்லாம் நம்மவர்கள் என்ற நினைப்பு! பிறகுதான் ஐ.டி.இ. என்ற குறியாக்க ஏற்பாடு, அதாவது தரவைப் பூட்டி அனுப்பும் முறை, அந்தத் தடத்தின் விதிகளில் சேர்ந்தது.

2025 டிசம்பரில் அந்த ஐ.டி.இ. விதிமுறையிலேயே மூன்று ஓட்டைகள் வெளியாயின. கண்டுபிடித்தவர்கள் சிப் நிறுவனமான இன்டெல்லின் ஊழியர்கள். தரவைப் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தாலும், பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) வரிசையை இடையில் மாற்றலாம். காலாவதியான பழைய தரவைப் புதியது என்று ஏற்கவைக்கலாம். முத்திரையை உடைக்காமலே, நேற்றைய கடிதத்தை இன்றையது என்று தபால்காரர் நீட்டுவது போல. இன்டெல் ஸியான் 6, ஏ.எம்.டி. எபிக் 9005 வரிசைச் சிப்புகள் பாதிப்புப் பட்டியலில் இருக்கின்றன.

இந்த ஓட்டைகளின் தீவிரத்துக்குப் போட்ட மதிப்பெண் என்னவோ பத்துக்கு மூன்றுதான்; அதாவது ‘குறைந்த ஆபத்து’. தாக்குபவர் இயந்திரத்தைத் தொட வேண்டும், அல்லது அதன் அடிமட்ட அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும் என்பது காரணம். எனக்கு இந்தக் கணக்குத்தான் பிடிபடவில்லை. ‘எங்கள் ஊழியரே நினைத்தாலும் உங்கள் தரவைப் பார்க்க முடியாது’ என்று சொல்லித்தான் கிளவுட் நிறுவனங்கள் கான்ஃபிடென்ஷியல் கம்ப்யூட்டிங்கை, அதாவது தரவைப் பூட்டியபடியே கையாளும் சேவையை, விற்கின்றன. அந்த ஊழியர் இயந்திரத்தைத் தொடக்கூடியவர்தானே? வாக்குறுதியில் அவரை எதிரியாக வைத்துவிட்டு, மதிப்பெண் போடும்போது அவரை அபூர்வமானவர் ஆக்குவது என்ன நியாயம்?

தொட்டுத் தாக்குவதற்குப் பெரிய செலவும் இல்லை. பெல்ஜியத்தின் லூவன், பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆண்டு ‘பேட்டரிங் ராம்’ ஆய்வில், டி.டி.ஆர்.4 வகை மெமரிக்கும் பிராசஸருக்கும் நடுவே சுமார் 50 டாலர் சர்க்யூட் ஒன்றைச் செருகி, இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் பாதுகாப்பு அரண்களையும் தாண்டிக் காட்டினார்கள். அது தங்கள் பாதுகாப்பு வரம்புக்குள் வராது என்பது நிறுவனங்களின் பதில். தொடாமலும் நடக்கும். 2019-இல் ஆம்ஸ்டர்டாம் வ்ரைய பல்கலைக்கழகத்தார் ‘நெட்கேட்’ என்ற தாக்குதலைக் காட்டினார்கள். நெட்வொர்க் கார்டு நேரே பிராசஸரின் கேஷில் (அதன் அதிவேக உள் நினைவகத்தில்) எழுதும் வசதியைக் கொண்டு, அடுத்த இயந்திரத்திலிருந்தே ஒருவர் கீபோர்டில் விசை அழுத்தும் நேர இடைவெளிகளைக் கணித்தார்கள். வேகத்துக்காகத் திறந்த வழி அது.

வங்கிகளும் அரசுத் துறைகளும் சர்வருக்கோ கிளவுடுக்கோ டெண்டர் விடும்போது, ‘குறியாக்கம் உண்டு’ என்ற ஒற்றை வரியை ஏற்கக் கூடாது. ஐ.டி.இ. திருத்தம் ஃபர்ம்வேரில் (சாதனத்திலேயே பதிந்திருக்கும் மென்பொருளில்) வந்துவிட்டதா, சர்வர்களை அடுக்கிய ரேக்கைத் திறக்கும் உரிமை யார் யாருக்கு, திறந்ததற்குப் பதிவு உண்டா, பழுதுபார்க்க வெளியே போய்வந்த போர்டு மறுபடி சோதிக்கப்படுகிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். இவற்றை முன்வைத்து அடுத்த இதழில் அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக ஒன்றை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருங்குடி, சென்னை