எங்கள் கிடேரியின் கண்ணையும் உயிரையும் மீட்டுக் கொடுத்தவர்களுக்கு

காங்கேயம் பக்கத்தில் நாலு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. இந்தக் கோடையில் எங்கள் ஜெர்சிக் கலப்புக் கிடேரிக்கு இரண்டு கண்களும் பிதுங்கிக்கொண்டு வந்தன. இமைக்குள் இருக்கும் சவ்வு சிவந்து தடித்து வெளியே சரிந்து நின்றது. மாடு முட்டியிருக்கும் என்றார்கள், விஷப்பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். இனித் தேறாது என்று கறிக்கு விலை பேசவும் ஆள் வந்துவிட்டது. இன்று அது எழுந்து நின்று தீவனம் தின்கிறது என்றால் அதற்குப் பலர் காரணம். அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் அம்மாவுக்கு. வந்தவர் முதலில் கண்ணைத் தொடவேயில்லை. காய்ச்சல் பார்த்தார். தோள்பட்டைக்கு முன்னால் கையை வைத்து அழுத்தினார். எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. காது மடலைத் திருப்பினார். உள்ளே வரிசையாக உண்ணி. “கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தால் கன்று போய்விடும். இது தைலேரியா, உண்ணி பரப்பும் ஒட்டுண்ணி நோய். கண்ணில் இப்படிக் காட்டுவது அபூர்வம்” என்றார். கன்றை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னவரும் அவர்தான். பாதி ராத்திரியில் சரக்கு ஆட்டோவில் வைக்கோல் பரப்பி ஏற்றிச் சென்ற தம்பி, டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

அங்கே நெறியில் ஊசி குத்தி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார் ஒரு மாணவி. பெரிய செல்லுக்குள் ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக்கின் பெயரால் அவற்றை அழைக்கிறார்களாம். இந்த ஒட்டுண்ணி வெள்ளை அணுவுக்குள் புகுந்து, அதைப் புற்றுநோய்ச் செல் போலப் பெருக வைக்கிறது. அப்படிப் பெருகிய அணுக்கள் கண்குழிக்குள் சேர்ந்து விழியை முன்னால் தள்ளுகின்றன என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். இத்தனை வருடம் மாடு மேய்த்தும் எனக்குத் தெரியாத சங்கதி இது. படிப்பு குறைந்தவள்தானே என்று ஒதுக்காமல் சொல்லிக் கொடுத்ததற்காக அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

கழுத்துத் தசையில் பூபார்வாகுவோன் என்ற, இந்த ஒட்டுண்ணிக்கான மருந்தை ஊசியாகப் போட்டார்கள். 20 கிலோ எடைக்கு 1 மில்லி என்பது கணக்கு. ஆனால் ஒட்டுண்ணி அதற்குள் சிவப்பணுக்களையும் தொட்டுவிட்டது. 8 கிராமுக்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் 4 கிராமுக்கும் கீழே போயிருந்தது; ஈறு வெளுத்துக் காகிதமாக இருந்தது. இரத்தம் ஏற்றியே ஆக வேண்டும் என்றார்கள். மாட்டுக்கு இரத்த வங்கிக்கு எங்கே போவது?

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா தம் மயிலைக் காளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்கே வந்து சேர்ந்தார். பிள்ளையாய் வளர்த்த காங்கேயம் காளையின் கழுத்தில் ஊசி இறங்குவதை அவர் பார்க்கவில்லை. திமிலைத் தடவியபடி வேறு பக்கம் திரும்பி நின்றார். நாட்டு மாடு இந்த நோயைத் தாங்கிக்கொண்டு வெளியே காட்டாமல் சுமக்கக்கூடும் என்பதால், காளையின் இரத்தத்தைச் சோதித்த பிறகே எடுத்தார்கள். மாடுகளுக்கு முதல் முறை இரத்தம் ஏற்றும்போது பெரும்பாலும் ஒவ்வாமை வருவதில்லையாம். ஆனாலும் கன்றுக்கு நடுக்கம் எடுக்கிறதா என்று ஒரு மருத்துவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக விட்டார். மறுநாள் கன்று தானாகத் தலையைத் தூக்கியது.

இங்கே ஊரில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. நோய் கண்ட வீட்டுப் பாலை வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. எல்லோர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். பால் சங்கச் செயலாளர் மருத்துவரிடமே கேட்டு, இது மனிதருக்குத் தொற்றாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, எங்கள் கேனை வாங்கி ஊற்றினார். வைத்தியச் செலவு நடந்த நாட்களில் அந்தப் பால் காசு இல்லாவிட்டால் நாங்கள் திண்டாடியிருப்போம்.

கொத்தனார் அண்ணனை மறக்க மாட்டேன். இந்த உண்ணிகள் கட்டுத்தறிச் சுவரின் வெடிப்புகளில் பதுங்கி, அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன. மாட்டுக்கு மட்டும் மருந்து தெளித்தால் போதாது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, கூலி பேசாமல் அத்தனை வெடிப்பையும் பூசி அடைத்துக் கொடுத்தார்.

இடக்கண்ணில் ஒரு சின்ன வெண்புள்ளி நின்றுவிட்டது. பார்வைக்குக் குறையில்லை. உங்கள் கன்றுக்குக் கண் பிதுங்கினால் காய்ச்சலும் நெறிக்கட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். உண்ணி கடித்துப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் நோயை உள்ளே இறக்கும் என்பதால், தினமும் காது மடலையும் வாலடியையும் மடிப் பக்கத்தையும் தடவிப் பார்த்து எடுத்துவிடுவது வீண் வேலையில்லை.

பெரியப்பா, நீங்கள் பணம் வாங்க மறுத்துவிட்டீர்கள். காளைக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் இந்த வாரம் எங்கள் வீட்டிலிருந்து வரும். அதையாவது திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நன்றியுடன்,
காங்கேயம் வட்டாரத்துக் கறவை மாட்டுக்காரி