செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: தெருக்கோடிச் சுவரும் ரயில் நிலையப் பாதையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் குடியிருப்போர் நலச்சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

நிர்வாகக் குழுவை 11 முறை கூட்டினோம். 3 முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேராமல் கலைந்தோம். கொடியேற்றம், பொங்கல் விளையாட்டுப் போட்டி, கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மழைக்கு முன்பே வடிகால் தூர்வாரப்பட்டது.

இனி, ரயில் நிலையத்துக்குப் போகும் குறுக்குவழியை மறித்து நின்ற தெருக்கோடிச் சுவர் விஷயம். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு என் நேரத்தில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போனது. "இது சங்கத்தோட வேலையா?" என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

தாம்பரம் தாண்டினால் செங்கல்பட்டு வரை ஒரே கதைதான். ஏரிப் பாசனத்தில் விளைந்த வயல்கள் ஒவ்வொன்றாக மனைப்பிரிவு ஆயின. மனை போட்டவர் ஒவ்வொருவரும் தன் நிலத்துக்குள் தெரு போட்டு, மெயின் ரோட்டுக்கு ஒரு வாசல் வைத்து, மற்ற மூன்று பக்கமும் காம்பவுண்ட் எழுப்பிவிட்டுப் போனார். பக்கத்து நகரின் தெருவோடு நம் தெரு சேருமா என்று யாரும் பார்க்கவில்லை. நம் நான்காவது தெருக் கோடியில் நின்றால் மின்சார ரயில் கிளம்பும் சத்தம் கேட்கும். ஆனால் நிலையத்துக்குப் போக மெயின் ரோட்டைச் சுற்றி 2.1 கிலோமீட்டர். பக்கத்து நகர் வழியாக நடந்தால் 700 மீட்டர். நடுவில் நின்றது ஒன்பது அங்குலச் சுவர் ஒன்று, அவ்வளவுதான்.

புகை, பருவநிலை மாற்றம் என்றால் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. 2050-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, அதாவது வெளியிடும் கரியமில வாயு முழுவதையும் ஈடுகட்டிவிடுவது, என்று சென்னை மாநகரம் 2023-ல் செயல்திட்டமே வெளியிட்டது. அப்படிப்பட்ட இலக்கு எல்லாம் கடைசியில் இந்த மாதிரிச் சுவரில்தான் வந்து முட்டுகிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். நிலையத்துக்குப் போய்வர ஒரு டூ வீலர் தினமும் 4.2 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,260 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் மைலேஜ் கொடுத்தாலும் 28 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். அப்படியானால் ஒரு வண்டிக்கு 64 கிலோ. 60 வண்டி நின்றால் 4 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. புது எந்திரம் வேண்டாம், மானியம் வேண்டாம், ஆறு அடி அகலத்துக்குச் செங்கல்லை எடுத்தால் போதும்.

சரி, எப்படி எடுத்தோம்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, இரண்டு நகர்களுக்குமான அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடங்களை வாங்கினேன். இரண்டிலும் அந்த 30 அடிச் சாலை எல்லை வரை தெளிவாக இருக்கிறது. இரண்டு பக்கமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த சாலை. அதாவது பொதுச் சாலையின் குறுக்கேதான் இத்தனை வருஷம் சுவர் நின்றது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து நகர்ச் சங்கத்தாரை ஐந்து முறை சந்தித்தோம். திருட்டு பயம், இரவில் பைக் சத்தம், தங்கள் தெரு சந்தை மாதிரி ஆகிவிடும் என்ற கவலை என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் முழுச் சாலையைக் கேட்காமல் ஆறடித் திறப்பு மட்டும் கேட்டோம். நடுவில் இரும்புக் குழாய் நட்டு, ஆளும் சைக்கிளும் மட்டும் நுழையும்படி வைத்தோம். உள்ளாட்சிப் பொறியாளர் நேரில் வந்து அளந்து பார்த்து அனுமதி தந்தார். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சுவர் திறந்தது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே அங்கே போய் நின்றேன். இடித்த ஓரத்துச் சிமெண்ட் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. சீருடையில் ஒரு பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா திறப்புக்கு முன்னால் தயங்கி நின்று, "அண்ணா, இப்படிப் போலாமா?" என்று கேட்டார். போகலாம் என்றதும் அந்தப் பிள்ளை குழாயைக் கையால் தட்டிவிட்டு முதலில் ஓடியது. அதன் பிறகு பிப்ரவரியில் ஒரு வாரம், காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டில் எண்ணினேன். குறைந்தது 118 பேர், அதிகபட்சம் 143 பேர். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முன்பு வண்டியில் போனதாகச் சொன்னார்கள். அந்த நோட்டு இங்கே மேஜையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவர் திறந்த அன்று வந்த உறுப்பினர்கள் 9 பேர். வாட்ஸாப்பில் கைதட்டல் போட்டவர்கள் எழுபதுக்கு மேல். அந்தப் பாதையில் தினமும் நடக்கிற வீடுகள் பலவற்றிலிருந்து சந்தா வரவில்லை. நம் உறுப்பினர்கள் 131 பேர். இந்த ஆண்டு சந்தா கட்டியவர்கள் 74 பேர். மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். அந்த 28 லிட்டர் பெட்ரோலுக்கு நீங்கள் கொடுத்திருக்கக்கூடிய பணம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டுப் படியேறி வந்து கேட்கும்போது "அப்புறம் பார்க்கலாம் சார்" என்று சொல்லாதீர்கள், அதுதான் என் வேண்டுகோள்.

அடுத்து, ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளிக்கென்று ஒதுக்கிய இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. நமக்கு அப்படிக் கிடைத்த இடத்தில் பேவர் கல் பதித்துக் கார் நிறுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் எதிர்த்தேன், இனியும் எதிர்ப்பேன். மண்ணாகவே இருப்பதால்தான் ஐப்பசி மழை அங்கே இறங்குகிறது. புங்கை, பூவரசு, மகிழம் என 60 கன்று வைத்தோம், 41 பிழைத்திருக்கின்றன. சருகைக் கொளுத்துவது நின்றது. குழியில் போட்டு மட்கவைக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது என்பதை மட்டும் தெரிவிக்கிறேன். சுவர் வேலையில் கொஞ்சம் கூடுதலானதை நன்கொடை ஈடுகட்டியது.

தலைவர், பொருளாளர், துப்புரவுப் பணியாளர்கள், தண்ணீர் திறந்துவிடும் தம்பி, பக்கத்து நகர்ச் சங்கத்தார், அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலை இருக்கிறது. சங்கக் கட்டடக் கூரையில் சோலார். சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மத்திய அரசு மானியம் இருக்கிறது, மீதியை நாம்தான் போட வேண்டும். இன்னொன்று, பாதைக்கு விளக்கு. இருட்டினால் பெண்கள் மறுபடி மெயின் ரோட்டைச் சுற்றித்தான் வருகிறார்கள். போன மாதம் இரவு பத்து மணிக்கு மேல் யாரோ பைக்கை நுழைக்கப் பார்த்துக் குழாய் ஒன்றை வளைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு முறை இப்படி நடந்தால் பக்கத்து நகரார் திறப்பை அடைக்கச் சொல்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை முறை வைத்துப் பார்த்துக்கொள்ள எட்டுப் பேர் வேண்டும். இப்போது நானும் தலைவரும் மட்டும் நிற்கிறோம். செயலாளர் பொறுப்பில் தொடரச் சொன்னால் தொடர்கிறேன். அந்த எட்டுப் பேர் சேர்ந்தால் மனநிறைவோடு தொடர்வேன். பெயர் கொடுக்க வாசல் மேஜையில் தாள் வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே சந்தா ரசீதுப் புத்தகமும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்